கடல் கடந்து சென்ற சீட்டாட்டக்காரர்கள்



ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் வானொலி நிலையத்திற்கு வந்து சீட்டாட்டத்தைப் பற்றிப் பேசுகின்றார் என்றால், அதன் தீமைகளை எடுத்துரைக்கவே வந்திருப்பார் என்று நீங்கள் எண்ணுவது இயல்பு. சில ஆண்டுகளுக்கு முன்பு இவ்வழைப்பு வந்திருக்குமாயின் நானும் அதைத்தான் செய்திருப்பேன். இன்று நான் சொல்ல வந்தது வேறு. சீட்டுக்கட்டை நம்பிக் கடல் கடந்து சென்று, நாட்டின் பெயரால் ஆடித் திரும்பியவர்களின் கதையைச் சொல்ல வந்திருக்கின்றேன். அதற்கு முன்னர் என் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்.

1996-ஆம் ஆண்டு. அப்போது நான் ஒரு பள்ளியில் கணித ஆசிரியன். மாணவர் விடுதியின் காப்பாளர் பொறுப்பும் என்னிடமே இருந்தது. ஐப்பசி மாதத்து மழை இரவு ஒன்றில், பத்து மணிக்கு மேல் விடுதியைச் சுற்றி வந்தேன். மின்சாரம் இல்லை. மாடி அறை ஒன்றில் மட்டும் மெல்லிய வெளிச்சம் தெரிந்தது. கதவைத் தள்ளினேன். மெழுகுவர்த்தியைச் சுற்றி நான்கு பையன்கள் சப்பணமிட்டு அமர்ந்து முந்நூற்று நான்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் மூவர் தலையைக் குனிந்துகொண்டனர். ஒருவன் மட்டும் எழுந்து நின்று, "காசு வைத்து ஆடவில்லை, ஐயா" என்றான்.

அந்தச் சொல் என் காதில் விழுந்தது, கருத்தில் விழவில்லை. சீட்டுக்கட்டைப் பிடுங்கிக் கிழித்து எறிந்தேன். மறுநாள் இறைவணக்கக் கூட்டத்தில் நால்வரையும் முழங்காலிடச் செய்தேன். பெற்றோருக்கும் கடிதம் எழுதினேன். 'தங்கள் மகன் சூதாடினான்' என்றே எழுதினேன். எழுந்து நின்று பேசினானே, அந்தப் பையனின் தந்தை முதல் பேருந்திலேயே வந்து சேர்ந்தார். அவர் உழவர். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என் அறையிலேயே, என் கண்ணெதிரிலேயே மகனை அடித்தார். நான் தடுக்கவில்லை. நல்ல தந்தை என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2018 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் ஒருநாள் காலை நாளிதழைப் பிரித்தேன். இந்தோனேசியாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியின் செய்திகள் பக்கத்தை நிறைத்திருந்தன. செப்டம்பர் 1-ஆம் நாள் இந்தியாவுக்கு இரண்டு தங்கப் பதக்கங்கள் கிடைத்திருந்தன. ஒன்றைக் குத்துச்சண்டையில் வென்றவர் அமித் பங்கால் என்னும் 22 வயது இளைஞர். மற்றொன்றை வென்றவர்கள் இருவர். ஒருவர் 60 வயதான பிரணாப் பர்தன். மற்றவர் 56 வயதான சிப்நாத் சர்க்கார். இருவரும் மேற்கு வங்காளத்தைச் சேர்ந்தவர்கள். படத்தில் அவர்களைப் பார்த்தால் ஓடுகின்றவர்களாகவோ தாவுகின்றவர்களாகவோ தோன்றவில்லை. மாலை வேளையில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களைப் போலவே தோன்றினார்கள். அவர்கள் வென்றது எந்த விளையாட்டில் என்று பார்த்தேன். பிரிட்ஜ் என்று போட்டிருந்தது. பிரிட்ஜ் என்பது சீட்டாட்டம்.

நாளிதழை மடித்து வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எந்த ஆட்டத்துக்காக நான் பையன்களை முழங்காலிடச் செய்தேனோ, அதன் உறவு முறையான ஓர் ஆட்டத்துக்கு நாட்டுப் பண் இசைக்கப்பட்டிருக்கின்றது! அது எப்படிப்பட்ட ஆட்டம் என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். கற்றதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

நான்கு பேர் ஆடுவது பிரிட்ஜ். எதிரெதிரே அமர்கின்ற இருவர் கூட்டாளிகள். 52 சீட்டுக்களும் ஆளுக்குப் பதின்மூன்றாகப் பிரிகின்றன. ஒருவர் ஒரு சீட்டை இறக்க, மற்ற மூவரும் அதே இனத்தில் ஒவ்வொன்றாக இறக்குகின்றார்கள். உயர்ந்த சீட்டு அந்தப் பிடியை வெல்லும். கையில் அந்த இனம் இல்லாவிட்டால் துருப்புப் போட்டு வெட்டலாம். இதுவரையில் நம் முந்நூற்று நான்கு ஆடியவர்களுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. வங்காளத்திலும் ஹௌரா செல்லும் புறநகர் ரயில்களில் மடியின்மேல் துண்டை விரித்து இருபத்தொன்பது என்ற ஆட்டத்தை ஆடிக்கொண்டே வேலைக்குப் போகின்றவர்கள் உண்டு. அது நம் ஆட்டத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி எனலாம்.

பிரிட்ஜின் தனிச் சிறப்பு, சீட்டு இறக்குவதற்கு முன்பு நடக்கும் ஏலத்தில் இருக்கின்றது. 'எந்த இனம் துருப்பாக இருக்கட்டும், எத்தனைப் பிடிகளை எங்களால் எடுக்க முடியும்' என்று இரு தரப்பினரும் மாறி மாறிக் கேட்டு ஏறுகின்றார்கள். முதல் ஆறு பிடிகள் கணக்கில் சொல்லப்படுவதில்லை. 'நான்கு ஹார்ட்' என்று ஒருவர் கேட்டால், ஹார்ட் துருப்பாக இருக்க ஆறும் நான்கும் சேர்த்துப் பத்துப் பிடிகள் எடுப்போம் என்பது பொருள். அதிகம் கேட்டவர் பக்கம் ஏலம் நிற்கும். அதுவே அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். பின்னர் அவருடைய கூட்டாளி தம் பதின்மூன்று சீட்டுக்களையும் மேசைமேல் எல்லாரும் காண விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அவருக்கு டம்மி என்று பெயர். இரண்டு கைகளையும் ஒருவரே ஆடி, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும்.

ஒருவர் கைக்குப் பதின்மூன்று சீட்டுக்கள் எத்தனை விதமாக வந்து சேரக்கூடும் என்று நம் மேல்நிலை வகுப்பு மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். விடை 63,501 கோடியே 35 லட்சத்து 59 ஆயிரத்து 600. வாழ்நாள் முழுவதும் ஆடினாலும் அதே கை மீண்டும் வருவது அரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

'அதிருக்கட்டும், நல்ல சீட்டு வந்தவன் வெல்வான், வராதவன் தோற்பான்; இதற்கும் சூதுக்கும் என்ன வேற்றுமை?' என்று நீங்கள் கேட்கலாம். இதே கேள்வியைத்தான் நானும் கேட்டேன். திருவள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். வில்லிபுத்தூரார் சூதுபோர்ச் சருக்கத்தில் தருமன் நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் வைத்து இழந்ததைப் பாடினார். இவற்றைக் கற்பித்த வாய்தான் என்னுடையது. நீதிமன்றத்திலும் இக்கேள்வி வேறு வடிவில் எழுந்திருக்கின்றது. 1967-இல் நம் உச்ச நீதிமன்றம் ரம்மி ஆட்டத்தைப் பற்றித் தீர்ப்பளித்தபோது, அது பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்றும், அதில் உள்ள தற்செயல் பிரிட்ஜில் சீட்டுப் போடுவதில் உள்ள தற்செயலைப் போன்றதே என்றும் கருதியது. ஆனால் பன்னாட்டுப் போட்டிகளில் ஆடப்படும் பிரிட்ஜில் அந்தத் தற்செயலையும் பெரும்பாலும் நீக்கிவிட்டார்கள். எப்படி நீக்கினார்கள் என்பதைச் சொல்கின்றேன்.

ஆசிரியர்களுக்கு எளிதில் விளங்கும் உவமை ஒன்று உண்டு. ஒரு தேர்வு அறையில் எளிய வினாத்தாளும் மற்றோர் அறையில் கடிய வினாத்தாளும் கொடுத்துவிட்டு மதிப்பெண்களை ஒப்பிட முடியுமா? முடியாது. எல்லா அறைகளிலும் ஒரே வினாத்தாள் இருக்க வேண்டும். பிரிட்ஜ் போட்டியிலும் அவ்வாறே ஒரே சீட்டுக்கள் எல்லா மேசைகளுக்கும் செல்கின்றன. நான்கு பைகள் உள்ள தட்டையான பலகை ஒன்று இருக்கும். அதற்குப் போர்டு என்று பெயர். ஆடுகின்றவர்கள் சீட்டுக்களை மேசை நடுவில் எறிவதில்லை. பிடி தம்முடையதானால் சீட்டை நெடுக்காகவும், போனால் குறுக்காகவும் தம் முன்னேயே கவிழ்த்து வைக்கின்றார்கள். ஆட்டம் முடிந்ததும் அவரவர் பதின்மூன்று சீட்டுக்களும் அவரவர் பைக்குள் திரும்பிப் போகும். போர்டு அடுத்த மேசைக்குச் செல்லும். அங்கே அதே கையை வேறொருவர் ஆடுவார். இணைகளுக்கான போட்டியில், வடக்கு தெற்காக அமர்ந்த ஒவ்வோர் இணையும் அதே திசையில் அதே சீட்டுக்களை ஆடிய மற்ற இணைகளோடுதான் ஒப்பிடப்படுகின்றது. ஆகவே ஒற்றை ராஜாகூட இல்லாத கை வந்தாலும் கவலையில்லை. மற்றவர் அதை வைத்து நூறு இழந்த இடத்தில் நீங்கள் ஐம்பதோடு தப்பினால் வெற்றி உங்களுடையது! கெட்ட சீட்டை நல்லவிதமாக ஆடியதற்குப் பரிசு தரும் ஆட்டம் என்று இதைப் புரிந்துகொண்டபோது என் மனத்தில் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

பணம் வைத்து ஆடும் ஆட்டத்தை நான் இன்றும் ஏற்கவில்லை. கைப்பேசியில் ரம்மி ஆடிக் கடனாளியாகி உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளை நாம் எத்தனை படித்துவிட்டோம்! அதில் என் கருத்து 1996-இல் இருந்தது போலவேதான் இருக்கின்றது. குற்றம் சீட்டில் இல்லை, பணயத்தில் இருக்கின்றது என்பதை மட்டும் நான் காலம் தாழ்ந்து கற்றேன்.

இன்று ஆடப்படும் பிரிட்ஜ் பிறந்ததே ஒரு கடற்பயணத்தில்தான். அமெரிக்கச் செல்வரும் பாய்மரக் கப்பல் பந்தய வீரருமான ஹெரால்டு வாண்டர்பில்ட் 1925-இல் 'பின்லாந்து' என்ற கப்பலில் பனாமாக் கால்வாய் வழியாகச் சென்றுகொண்டிருந்தார். அதற்கு முன்பிருந்த பழைய பிரிட்ஜில், கேட்டதற்கு மேல் எடுத்த பிடிகளும் வெற்றிக்கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே துணிந்து கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. வாண்டர்பில்ட் நண்பர் மூவருடன் கப்பலில் புதிய கணக்கு ஒன்றை வகுத்து ஆடிப் பார்த்தார். வாயால் கேட்டதற்கு மட்டுமே வெற்றிக்கணக்கு. கேட்டு எடுக்காவிட்டால் கடும் தண்டனை. ஏற்கெனவே ஓர் ஆட்டம் வென்றவர்கள் தோற்றால் தண்டனை இன்னும் கூடும். அந்த நிலைக்குப் பெயர் தேடியபோது உடன் பயணம் செய்த இளம்பெண் ஒருத்தி 'வல்னரபிள்' என்று சொல்லிக் கொடுத்தாளாம். எளிதில் அடிபடக்கூடிய நிலை என்று பொருள். உலகம் முழுவதும் இன்று அந்தச் சொல்லைச் சொல்லி ஆடுகின்றது. சொல்லிக் கொடுத்தவள் பெயரை மட்டும் ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

ஐந்தாண்டுகள் கழித்து, 1930-இல், இவ்வாட்டத்துக்காகவே ஒரு குழு கடல் கடந்தது. அமெரிக்காவின் இலை கல்பர்ட்சன், அவர் மனைவி ஜோசபின், இன்னும் இருவர் ஆக நால்வர் லண்டனுக்குச் சென்றனர். அங்கே அவர்களை எதிர்கொண்டது கர்னல் புல்லர் என்பவரின் அணி. ஏலத்தில் மறைபொருள் வைத்துப் பேசுவது ஆண்மைக்கு அழகன்று, மனத்தில் உள்ளதை நேராகக் கேட்டுவிட வேண்டும் என்பது கர்னலின் கொள்கை. அமெரிக்கர்களோ ஒவ்வொரு சொல்லுக்கும் முன்கூட்டியே பொருள் வகுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். 200 கைகள் ஆடினார்கள். அமெரிக்கர்கள் 4,845 புள்ளிகள் வேறுபாட்டில் வென்றார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கர்னலிடம் சிறிது இரக்கம் உண்டாயிற்று. நம் பள்ளியிலும் அவரைப் போன்ற ஆசிரியர்கள் இருந்தார்கள்.

இந்த மறைபொருள் என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஏலத்தில் ஆடுகின்றவர் வாயிலிருந்து வரக்கூடிய சொற்கள் மொத்தம் 15 மட்டுமே. ஒன்று முதல் ஏழு வரை எண்கள்; ஸ்பேடு, ஹார்ட், டைமண்ட், கிளாவர் என்ற நான்கு இனங்கள்; துருப்பில்லா ஆட்டத்தைக் குறிக்கும் நோ டிரம்ப்; பாஸ், டபிள், ரீடபிள். இப்பதினைந்து சொற்களைக் கொண்டுதான் எதிரே இருக்கும் கூட்டாளிக்குத் தம் கையிலுள்ள பதின்மூன்று சீட்டுக்களின் நிலையை ஒருவர் தெரிவித்தாக வேண்டும். ஆகவே சொல்லுக்கு ஒரு பொருள், அது வரும் இடத்துக்கு ஏற்ப இன்னொரு பொருள் என்று உடன்பாடுகள் தோன்றின. சான்றாக, ஒருவர் 'நான்கு நோ டிரம்ப்' என்பார். அவர் அந்த ஆட்டத்தை ஆட விரும்பவில்லை. 'உன்னிடம் எத்தனை ஆசு இருக்கின்றது?' என்று கேட்கின்றார். கூட்டாளி 'ஐந்து டைமண்ட்' என்பார். அவரிடம் டைமண்டே இல்லாமல் இருக்கலாம். 'ஓர் ஆசு உண்டு' என்பது விடை. 'ஐந்து ஹார்ட்' என்றால் இரண்டு. இம்முறையை 1933-இல் வகுத்தவர் பிளாக்வுட் என்ற அமெரிக்கர்.

என்னைக் கவர்ந்தது இந்தச் சங்கேதம் அன்று. அதற்குப் பின்னால் நிற்கும் விதி. கூட்டாளிகள் தமக்குள் உடன்பாடு செய்துகொள்ளலாம். ஆனால் எதிரியிடமிருந்து அதை மறைக்கக் கூடாது. 'உங்கள் கூட்டாளி சொன்னதற்கு என்ன பொருள்?' என்று எதிரி கேட்டால் முழுமையாகச் சொல்லியாக வேண்டும். கையில் உள்ள சீட்டுக்கள் இரகசியம். அவற்றைப் பற்றிப் பேசும் மொழி இரகசியம் அன்று. புருவத்தைத் தூக்குவதும், பெருமூச்சு விடுவதும், சீட்டை ஓங்கி வைப்பதும் தவறு. கூட்டாளி தயங்கியதைக் கண்டு அதற்கேற்ப ஆடுவதும் தவறு. உலகில் எத்தனை விளையாட்டுக்களில், கண்டதையும் காணாததுபோல நடந்துகொள்ள வேண்டும் என்று விதி இருக்கின்றது?

மனிதர்கள் மனிதர்கள்தாம். இந்த விதியை மீறியவர்களும் உண்டு. அதனால் பெரிய போட்டிகளில் மேசையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைவரை மறைப்புத் தட்டி ஒன்றை நிறுத்துகின்றார்கள். கூட்டாளியின் முகம் கூட்டாளிக்குத் தெரியாது. வாய் திறந்து ஏலம் கேட்பதும் இல்லை. சிறு பெட்டியிலிருந்து அதற்கென உள்ள அட்டையை எடுத்து ஒரு தட்டில் வைக்க, அந்தத் தட்டு மறைப்பின் அடியில் தள்ளப்பட்டு மறுபக்கம் போகின்றது. விளக்கம் கேட்பதும் சொல்வதும் காகிதத்தில் எழுதித்தான். உலகப் பட்டப் போட்டியில் இம்மறைப்பு முதன்முதலில் வந்தது 1975-இல், பெர்முடாத் தீவில். கண்ணை மறைத்தார்கள், அந்தப் போட்டியிலேயே ஓர் இணையின் மேல், மேசைக்கு அடியில் பாதங்களை அசைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பிறகு கீழேயும் தடுப்பு வைத்தார்கள்!

இதில் நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 2015 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் பிரிட்ஜ் உலகப் பட்டப் போட்டிகள் சென்னையில் நடைபெற்றன. நம்முள் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்குத் தெரியாது. அந்த ஆண்டின் ஆகஸ்டில் நார்வே நாட்டின் பாய் புரோகலண்ட் என்ற ஆட்டக்காரர், தம்முடைய அணியிலேயே முன்பு ஆடிய ஓர் இணை வஞ்சகம் செய்ததாக வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். அவர்களோடு சேர்ந்து தாம் வென்ற பட்டங்களையும் துறப்பதாக அறிவித்தார். பட்டத்தைத் துறப்பது எளிதா? ஆட்டங்களின் ஒளிப்பதிவுகளைப் பல நாட்டவரும் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். சீட்டு வைக்கும் போர்டை மேசையில் எந்த இடத்தில் வைத்தார்கள், முதல் சீட்டை நெடுக்காக இறக்கினார்களா குறுக்காக இறக்கினார்களா என்றெல்லாம் பார்த்தார்கள். வேறு இணைகளின் பெயர்களும் வெளிவந்தன. இஸ்ரேல், மொனாக்கோ, ஜெர்மனி ஆகிய மூன்று அணிகள் சென்னைக்கு வராமலே விலகிக்கொண்டன. குற்றச்சாட்டுக்களுள் சில பின்னர் உறுதியாயின. ஒன்று 2018-இல் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றத்தில் நிலைபெறவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

போலந்து நாட்டின் நிலைதான் இரங்கத்தக்கது. ஓர் அணிக்கு ஆறு பேர், அதாவது மூன்று இணைகள். போட்டி தொடங்கும் தறுவாயில் அவர்களின் ஓர் இணைக்கு அனுமதி மறுக்கப்பட்டது. எஞ்சிய நால்வர் மாற்றாள் இல்லாமல் நாள்தோறும் மேசையில் உட்கார வேண்டியதாயிற்று. வேற்று நாடு, ஐயப்பார்வை, ஓய்வில்லாத ஆட்டம். இத்தனைக்கும் இடையில் இறுதியாட்டத்தில் சுவீடனை வென்று, பெர்முடாக் கிண்ணம் என்னும் உலகப் பட்டத்தைச் சென்னையிலிருந்து அந்நால்வர் எடுத்துச் சென்றார்கள்.

இனி ஜகார்த்தாவுக்கு வருகின்றேன். ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் பதக்கப் போட்டியாகச் சேர்க்கப்பட்டது 2018-இல்தான் முதன்முறை. அதற்குப் பெரிதும் முயன்றவர் இந்தோனேசியாவின் பெருஞ்செல்வர்களுள் ஒருவரான பாம்பாங் ஹார்டோனோ. 78 வயதில் அவரும் ஆடி வெண்கலம் பெற்றார். நம் அணியில் 79 வயதான ரீட்டா சோக்சி அம்மையார் இருந்தார். அதே போட்டிகளில் சறுக்குப் பலகையில் ஆடவந்த ஒன்பது வயதுச் சிறுமியும் இருந்தாள். பாட்டியும் பேத்தியும் ஒரே விழாவில் வீராங்கனைகள் என்பது வேறெங்கே நடக்கும்?

ஆடவர் அணிப் போட்டியிலும் கலப்பு அணிப் போட்டியிலும் இந்தியா வெண்கலம் பெற்றது. பர்தனும் சர்க்காரும் ஆடவர் இணைப் போட்டியில் இறங்கினார்கள். பல சுற்றுக்கள், ஒவ்வொரு கைக்கும் ஏறத்தாழ எட்டு நிமிடம். முடிந்த கையை மறந்துவிட்டு அடுத்த கையை எடுத்தாக வேண்டும். இறுதியில் அவர்கள் பெற்றவை 384 புள்ளிகள். அடுத்து வந்த சீன இணை பெற்றவை 378. ஆறே புள்ளிகள்! எந்தக் கையில் எந்தச் சீட்டை மாற்றி இறக்கியிருந்தால் அந்த ஆறும் போயிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

அவ்விருவரும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கூட்டாளிகளாக ஆடி வந்தவர்கள். இந்தச் செய்தியைத்தான் நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கின்றேன். இருபது ஆண்டுகளில் ஒருவர் மற்றவருக்கு எத்தனை முறை தோல்வி தேடித் தந்திருப்பார்! சதுரங்கத்தில் தோற்றவன் தன்னையே நொந்துகொள்ளலாம். பதினொருவர் ஆடும் ஆட்டத்தில் தவறு பலரிடையே பங்கிடப்பட்டுவிடும். பிரிட்ஜில் தவறு செய்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கின்றார். அவர் ஒருவர்தான் இருக்கின்றார். நீங்கள் அரும்பாடுபட்டுக் கட்டிய கோட்டையை அவர் ஒரே சீட்டில் இடித்துவிட்டார். மறைப்புக்கு அப்பாலிருந்து உங்கள் முகத்தை அவர் காண முடியாது. ஆனால் அடுத்த ஏலத்தில் நீங்கள் சினத்தோடு கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். அவர் அஞ்சி ஆடுவார். அஞ்சி ஆடுகின்றவர் இன்னும் தவறுவார். நல்ல இணைகள் ஆட்ட நடுவில் தவறுகளைப் பேசுவதில்லை. ஆட்டம் முடிந்து அறைக்குத் திரும்பிய பின்பே பேசுகின்றன. அப்போதும் 'நீ ஏன் அதை இறக்கினாய்?' என்பதைவிட, 'நான் கேட்டது உனக்கு எப்படிப் பொருள்பட்டது?' என்பதையே கேட்கின்றன. கணவனும் மனைவியும் கூட்டாளிகளாக ஆடக்கூடாது என்று அனுபவசாலிகள் வேடிக்கையாகச் சொல்வதன் காரணமும் இதுதான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் இருந்தவன் நான். மாணவன் தவறு செய்தால் அந்தக் கணமே சுட்டிக்காட்ட வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் கற்றேன், அப்படியே செய்தேன். சுட்டிக்காட்டாமல் அடுத்த கணக்குக்குப் போயிருந்தால் சில பையன்கள் கணக்கையே வெறுக்காமல் இருந்திருப்பார்களோ என்று இப்போது ஓர் ஐயம். விடை எனக்குத் தெரியவில்லை.

ஜகார்த்தாவுக்குப் பின், 2022-இல் நடந்திருக்க வேண்டிய ஹாங்சோ ஆசியப் போட்டிகள் பெருந்தொற்றினால் 2023-இல் நடந்தன. அங்கே நம் ஆடவர் அணி இறுதியாட்டம்வரை சென்று, ஹாங்காங்கிடம் தோற்று, வெள்ளி பெற்றது. அந்தச் செய்தி வெளிவந்த சில வாரங்களுக்குப் பிறகு, நான் முன்பு பணியாற்றிய பள்ளியின் பழைய மாணவர்கள் கூடினார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். விருந்து முடிந்தபின் பழைய விடுதியின் தாழ்வாரத்தில் நான்கைந்து பேர் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். சீட்டுக்கட்டு ஒன்று வெளியே வந்தது. என்னைக் கண்டதும் ஒருவர் அதை மறைக்கப் பார்த்தார். நாற்பதைக் கடந்தும் அந்த அச்சம் போகவில்லை!

அன்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுந்து நின்றானே, அவரும் அங்கே இருந்தார். காதோரம் நரைத்திருந்தது. அவர் தந்தை காலமாகிச் சில ஆண்டுகள் ஆயினவாம்.

"அன்று நீ சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும், தம்பி. உன் தந்தைக்கு நான் எழுதியது பொய்" என்றேன்.

அவர் சிறிது நேரம் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஓர் ஆள் குறைகின்றது. நீங்கள் உட்காருகின்றீர்களா, ஐயா?" என்றார்.

அவருக்கு எதிரே, அவருடைய கூட்டாளியாக உட்கார்ந்தேன். முந்நூற்று நான்கு ஆடினோம். மூன்றாவது ஆட்டமோ நான்காவது ஆட்டமோ, நன்றாக நினைவில்லை. அவர் ஏற்கெனவே வென்றுவிட்ட பிடியை, கவனமின்றி, நானே துருப்புப் போட்டு வெட்டிவிட்டேன். ஆட்டம் கை நழுவிப் போயிற்று. மற்ற இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். எங்களிடையே மறைப்பு ஏதும் இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டுக்களைக் கூட்டிச் சேர்த்து, அடுத்த ஆட்டத்துக்காகக் கலைக்கத் தொடங்கினார்.